கிளாமத்: அணைகளை இடித்தவர்களின் நூறாண்டு

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், கிளாமத் ஆறு பசிபிக் கடலில் கலக்கிறது. 2002 செப்டம்பரின் பிற்பகுதியில் அந்த ஆற்றின் கடைசிப் பகுதியில் சால்மன் மீன்கள் செத்துக் கரையொதுங்கத் தொடங்கின. முதலில் பத்து, நூறு. பிறகு எண்ண முடியவில்லை. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வந்த முதிர்ந்த மீன்கள் அவை. ஆற்றில் நீர் குறைவு, இருந்த நீரும் சூடு. நெருக்கியடித்து நின்ற மீன்களின் செவுள்களில் நோய்க்கிருமிகள் பரவின. மூச்சு முட்டிச் செத்தன. அரசு கணக்குக் காட்டிய எண்ணிக்கை ஏறத்தாழ 34,000. அது குறைவான கணக்கு என்று மாநில மீன்வளத் துறையின் அறிக்கையே பின்னர் ஒப்புக்கொண்டது. ஆற்றங்கரையில் வாழும் யூரோக் மக்கள் சொன்ன எண்ணிக்கை அதைவிட இரண்டு மடங்கு.

அந்தச் சாவுக்கு 22 ஆண்டுகள் கழித்து, 2024-ல், அதே ஆற்றின் குறுக்கே நின்ற நான்கு நீர்மின் அணைகள் இடித்து முடிக்கப்பட்டன. உலகில் இதுவரை நடந்த அணை அகற்றல்களில் மிகப் பெரியது இது என்கிறார்கள். செய்தித்தாள்களில் அரைப் பத்தி வந்தது, அவ்வளவுதான். ஆனால் நூறு ஆண்டுகளாக நடந்த ஒரு நிலவுரிமை, நீருரிமை, மீன்பிடி உரிமைப் போராட்டத்தின் வரலாறு அதற்குள் இருக்கிறது. தோழர்களே, அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச நினைக்கிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தமிழில் இன்னும் பலர் இந்த மக்களைச் 'செவ்விந்தியர்' என்று எழுதுகிறார்கள். வழி தவறி வந்த கொலம்பஸின் தவறும், தோல் நிறத்தை வைத்து ஆளை அடையாளப்படுத்தும் வெள்ளையரின் புத்தியும் சேர்ந்து செய்த பெயர் அது. நாம் அதைப் பயன்படுத்த மாட்டோம். அவர்களுக்குப் பெயர்கள் உண்டு. ஆற்றின் முகத்துவாரத்தில் யூரோக். அதற்கு மேலே காருக். கிளாமத்தின் துணையாறான டிரினிட்டியின் கரையில் ஹூப்பா. அணைகள் நின்ற பள்ளத்தாக்கில் சாஸ்தா. ஆறு பிறக்கும் ஒரிகன் மாநிலத்து மேட்டு நிலத்தில் கிளாமத், மோடோக், யஹூஸ்கின் ஆகிய மூன்று மக்கள். இந்த மூவரும் இன்று 'கிளாமத் பழங்குடிகள்' என்ற ஒரே அமைப்பாக இருக்கிறார்கள்.

சால்மனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அது கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விலையுயர்ந்த இளஞ்சிவப்பு மீன். உண்மையில் அது ஒரு பயணி. ஆற்றின் மேற்பகுதியில், கூழாங்கல் படுகையில் பிறக்கும். குஞ்சாக இருக்கும்போதே கடலுக்குப் போகும். மூன்று நான்கு ஆண்டுகள் கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி வரும். எதிர்நீச்சலடித்து மேலேறி, முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். அதன் உடல் கரடிக்கும் கழுகுக்கும் காட்டுக்கும் உணவாகும். கடலின் சத்தை மலைக்குக் கொண்டுபோகும் மீன் என்று சொன்னால் மிகையில்லை. வழியில் ஒரு சுவர் எழுப்பினால் போதும், இந்தச் சுற்று அறுந்துவிடும்.

அந்த ஆற்றின் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மீனைப் பிடித்துத்தான் வாழ்ந்தார்கள். பிடித்தும் மீன் குறையவில்லை. காரணம் அவர்களின் விதிகள். வசந்தத்தில் வரும் முதல் சால்மனுக்குச் சடங்கு செய்யும்வரை யாரும் வலை போடக்கூடாது. அதற்குள் முதல் கூட்டம் மேலே போய்விடும். யூரோக் மக்கள் கெப்பெல் என்ற இடத்தில் ஆண்டுதோறும் ஆற்றின் குறுக்கே மரத்தால் ஒரு மீன்தடுப்பு கட்டினார்கள். குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் அதில் மீன் பிடித்துவிட்டு, பிறகு பிரித்துவிடுவார்கள். மேலே இருக்கும் காருக்குக்கும் ஹூப்பாவுக்கும் மீன் போய்ச் சேர வேண்டும் அல்லவா. மேலிருப்பவனுக்கும் கீழிருப்பவனுக்கும் இடையே ஒரு பங்கீட்டு ஒழுங்கு எழுதப்படாமலே இருந்தது. இதை 'பாதுகாப்பு' என்று இன்று நாம் சொல்கிறோம். அவர்களுக்கு அது பக்கத்து ஊர்க்காரனோடு சண்டையில்லாமல் வாழும் வழி.

1849-ல் தங்கவேட்டைக் கூட்டம் கலிபோர்னியாவுக்குள் புகுந்தது. அதன்பின் நடந்ததற்கு இனப்படுகொலை என்றுதான் பெயர். நாம் சொல்வதல்ல, 2019-ல் அந்த மாநிலத்தின் ஆளுநர் கவின் நியூசம் மன்னிப்புக் கேட்டபோது பயன்படுத்திய சொல்லே அதுதான். 1851-52-ல் ஒன்றிய அரசின் அதிகாரிகள் கலிபோர்னியப் பழங்குடிகளோடு 18 ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள். நிலத்தை விட்டுக்கொடுத்தால் காப்பிடம் தருகிறோம் என்பது பேச்சு. மக்கள் நிலத்தை விட்டு நகர்ந்தார்கள். வாஷிங்டனில் செனட் அந்த ஒப்பந்தங்களை ஏற்க மறுத்து, ரகசியமாகப் பூட்டியும் வைத்தது. 1905 வரை அவை வெளியே வரவில்லை. மேல் ஆற்றின் கிளாமத் பழங்குடிகளுக்கு 1864-ல் ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. சுமார் 2.2 கோடி ஏக்கர் நிலத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு சிறு பகுதியையும் அதில் மீன்பிடிக்கும் வேட்டையாடும் உரிமையையும் தக்கவைத்தார்கள். 'தக்கவைத்தார்கள்' என்ற சொல் முக்கியம். அரசு கொடுத்த சலுகை அல்ல அது. தங்களிடம் ஏற்கெனவே இருந்ததில் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. பின்னாளில் நீதிமன்றங்களில் வழக்குகள் வென்றதெல்லாம் இந்த வேறுபாட்டின் மேல்தான்.

1918-ல் கோப்கோ என்ற மின் நிறுவனம் ஆற்றின் நடுப்பகுதியில் முதல் அணையைக் கட்டியது. மீன் ஏறிச்செல்லப் படிவழி எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகக் கீழே ஒரு குஞ்சு பொரிப்பகம் போதும் என்று முடிவானது. 1925-ல் இரண்டாவது அணை, 1958-ல் ஜே.சி. பாய்ல், 1960-களின் தொடக்கத்தில் அயர்ன் கேட். மேலே இருந்த கிளாமத் பழங்குடிகளுக்கு ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமை இருந்தது, மீன்தான் வரவில்லை. ஒரு தலைமுறைக்குள் சால்மன் அவர்களின் உணவிலிருந்து போய்விட்டது. சாஸ்தா மக்களின் கிராமங்களும் சடங்கு நிலங்களும் நீர்த்தேக்கத்துக்காகப் பறிக்கப்பட்டன.

இந்த அணைகள் எவ்வளவு மின்சாரம் தந்தன? நான்கும் சேர்ந்து, பின்னாளைய உரிமையாளரான பசிஃபிகார்ப் நிறுவனத்தின் மொத்த உற்பத்தியில் சுமார் 2 விழுக்காடு. பாசனத்துக்கு அவற்றால் பயன் இல்லை, வெள்ளத் தடுப்புக்கும் பெரிதாக இல்லை. ஆற்றின் கீழே யூரோக் காப்பிடத்தின் உட்பகுதிகளில் இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் மின்கம்பி போகாத வீடுகள் இருந்தன. 'வளர்ச்சி' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இப்படி யாருக்கு, யாரிடமிருந்து என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மீன் குறையத் தொடங்கியதும் பழி யார்மேல் விழுந்தது என்பதை நம் வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து முகத்துவாரத்தில் தகரக்குப்பி மீன் ஆலைகள் அள்ளிக்கொண்டு போயின. காடுகள் வெட்டப்பட்டு மண் சரிந்து ஆற்றுப்படுகையை மூடியது. அணைகள் வழியை அடைத்தன. ஆனால் 1933-ல் கலிபோர்னியா அரசு கிளாமத்தில் வணிக மீன்பிடிப்பை நிறுத்தியபோது, யூரோக் மக்களின் செவுள் வலையும் குற்றமாகிவிட்டது. இரவில் போய் வலை போட்டு, விடிவதற்குள் எடுத்துவிடும் வாழ்க்கை. பாட்டன் மீன் பிடித்த அதே இடத்தில் பேரன் திருடனானான்.

1969-ல் ரேமண்ட் மாட்ஸ் என்ற யூரோக் இளைஞரின் ஐந்து வலைகளை மாநில அதிகாரிகள் பறித்தார்கள். அவர் அபராதம் கட்டிவிட்டுப் போகவில்லை. இது எங்கள் நிலம், இங்கே உங்கள் சட்டம் செல்லாது என்று வழக்காடினார். இந்தக் காப்பிடம் 1892-லேயே குடியேற்றக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டது, எனவே இது இனிப் பழங்குடி நிலம் அல்ல என்றது மாநிலம். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாட்ஸ் பக்கம் நின்றது: நிலத்தை விற்க அனுமதித்ததால் காப்பிடம் அழிந்துவிடாது. அதன்பின்னும் எளிதாகவில்லை. 1978-ல் ஒன்றிய அரசே பழங்குடிகளின் வணிக மீன்பிடிப்புக்குத் தடை போட்டு, ஆயுதம் தாங்கிய அதிகாரிகளைப் படகுகளில் அனுப்பியது. 'சால்மன் போர்' என்று அந்த ஆண்டை அங்கே நினைவுகூர்கிறார்கள். கடலில் வெள்ளையரின் படகுகளுக்கு அப்போது அந்தத் தடை இல்லை. பிடிக்கக்கூடிய மீனில் சரிபாதி யூரோக், ஹூப்பா மக்களுக்கு உரியது என்று ஒன்றிய உள்துறையின் சட்ட அதிகாரி எழுதித்தர 1993 வரை ஆனது.

மேல் ஆற்றில் நடந்தது இன்னும் கொடுமை. 1954-ல் ஒரு சட்டம் போட்டு, கிளாமத் பழங்குடிகள் என்று ஒரு மக்கள் இனி இல்லை என்றது அமெரிக்க நாடாளுமன்றம். எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்த பைன் காடு கையைவிட்டுப் போனது. ஆனால் மீன்பிடி, வேட்டை உரிமைகள் அந்தச் சட்டத்தால் அழியவில்லை என்று 1974-ல் நீதிமன்றம் சொன்னது. மீனுக்குத் தேவையான நீரின் மேலும் அவர்களுக்கு உரிமை உண்டு, அது காலம் அறியாக் காலத்திலிருந்து வருவது என்று 1983-ல் இன்னொரு தீர்ப்பு. அமெரிக்க மேற்கில் நீர்ச் சட்டம் 'முந்தியவனுக்கே முதலுரிமை' என்ற அடிப்படையில் இயங்குகிறது. எல்லோருக்கும் முந்தியவர்கள் யார் என்று நீதிமன்றம் சொன்னதும் பாசன விவசாயிகளுக்கு அதிர்ச்சி. 1986-ல் கிளாமத் பழங்குடிகளுக்கு அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. நிலம் திரும்பவில்லை.

இங்கே விவசாயிகளைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1905 முதல் ஒன்றிய அரசு மேல் கிளாமத்தின் ஏரிகளையும் சதுப்புகளையும் வடித்து, வாய்க்கால் வெட்டி, இரண்டு லட்சம் ஏக்கர் அளவுக்குப் பாசன நிலம் உருவாக்கியது. இரு உலகப் போர்களிலும் பணியாற்றித் திரும்பிய படைவீரர்களுக்குக் குலுக்கல் முறையில் அந்த நிலத்தைக் கொடுத்தது. 'இந்த நீர் உங்களுக்கு' என்று அவர்களிடமும் அரசுதான் சொன்னது. ஒரே நீரை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது. அடித்துக்கொண்டது கீழே இருந்தவர்கள்.

2001-ல் கடும் வறட்சி. ஏரியில் வாழும் 'சக்கர்' வகை மீன்கள் இரண்டும், ஆற்றில் கோஹோ சால்மனும் அழிவின் விளிம்பில் இருப்பவை என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்தன. ஏப்ரலில் அரசு பெரும்பாலான வாய்க்கால்களை மூடியது. சுமார் 1,200 பண்ணைகள் காய்ந்தன. மே மாதம் கிளாமத் ஃபால்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் கைமாற்றி வாளிவாளியாகத் தண்ணீர் எடுத்து வாய்க்காலில் ஊற்றிப் போராட்டம் நடத்தினார்கள். ஜூலையில் மதகுகளை உடைத்துத் திறந்தார்கள். சக்கர் மீன்கள் கிளாமத் பழங்குடிகளுக்குப் புனிதமானவை, சால்மன் போன பிறகு மிஞ்சிய உணவு. ஆங்கிலத்தில் 'சக்கர்' என்றால் ஏமாளி என்றும் பொருள். அந்த ஆண்டு டிசம்பரில் மூன்று பேர் வண்டியில் ஏறி, பழங்குடிகள் வாழும் சிலோக்வின் ஊருக்குள் போய், துப்பாக்கியால் சுட்டபடி, 'சக்கர் பிரியர்களே' என்று கத்திக்கொண்டு திரிந்தார்கள். பள்ளியிலும் கடையிலும் பழங்குடிப் பிள்ளைகள் பட்டது தனி. தண்ணீர்ச் சண்டை என்று பத்திரிகைகள் எழுதின. தண்ணீர் மட்டும்தான் காரணம் என்றால் பிள்ளைகளை ஏன் சீண்ட வேண்டும்?

அடுத்த ஆண்டு அரசியல் அழுத்தத்தில் விவசாயிகளுக்கு நீர் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. செப்டம்பரில் கீழே மீன்கள் செத்தன. அந்தச் சாவை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் எமி போவர்ஸ் கோர்டாலிஸ். ரேமண்ட் மாட்ஸ் அவருக்குத் தாத்தா முறை. அப்போது கல்லூரி மாணவி, யூரோக் மீன்வளத் துறையில் கோடைக்காலப் பயிற்சிக்கு வந்திருந்தார். பிறகு சட்டம் படித்தார், தன் மக்களின் தலைமை வழக்கறிஞரானார்.

ஒரு ஆண்டு விவசாயி செத்தான், மறு ஆண்டு மீன் செத்தது. யார் வென்றாலும் இப்படித்தான் முடியும் என்பது இரு பக்கமும் புரியத் தொடங்கியது அப்போதுதான். புரிதல் மட்டும் போதவில்லை. நல்லெண்ணத்தால் கூட்டணி பிறந்தது என்று சில ஆவணப்படங்கள் காட்டுகின்றன. அது பாதி உண்மை. பழங்குடிகளின் கையில் 1973, 1974, 1983 தீர்ப்புகள் இருந்தன. நீரில் அவர்களுக்கு முதலுரிமை என்று இறுதியாக முடிவாகிவிட்டால் தங்கள் கதி என்ன என்ற பயம் விவசாயிகளுக்கு இருந்தது. அந்தப் பயம் இல்லாமல் யாரும் மேசைக்கு வந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் நம் கணிப்பு.

இன்னொரு தரப்பு கடல் மீனவர்கள். 1970-களில் 'இந்தியர்களின் வலைதான் மீனை அழிக்கிறது' என்று பேசியவர்கள் அவர்களில் பலர். ஆனால் கிளாமத் சால்மன் கடலில் மற்ற ஆறுகளின் சால்மனோடு கலந்து திரிகிறது. கிளாமத் மீன் குறைந்தால், அதைக் காப்பாற்ற மொத்தக் கரையையும் மூட வேண்டிவரும். 2006-ல் அதுதான் நடந்தது. ஒரிகன், கலிபோர்னியா கரையில் சுமார் 700 மைல் நீளத்துக்கு வணிகச் சால்மன் பிடிப்பு ஏறத்தாழ முழுமையாக நிறுத்தப்பட்டது. பசிபிக் கரை மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு முன்பே பழங்குடிகளோடு சேர்ந்திருந்தது. தங்கள் எதிரி ஆற்றில் வலை போடுகிறவன் அல்ல, ஆற்றை அடைத்தவன் என்று சிறு படகுக்காரர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நான்கு அணைகளின் 50 ஆண்டு உரிமம் 2006-ல் முடிவடைய இருந்தது. இந்தத் தேதிதான் போராட்டத்துக்குப் பிடி கொடுத்தது. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் நிறுவனம் ஒன்றிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வர வேண்டும். மற்றவர்களும் வந்து பேசலாம். காருக் மக்கள் அங்கே ஒரு வித்தியாசமான ஆய்வைக் கொண்டுவந்து வைத்தார்கள். சமூகவியலாளர் கேரி நார்கார்டோடு சேர்ந்து 2005-ல் முடித்தது. முன்பு ஒரு காருக் ஆள் ஆண்டுக்குச் சுமார் 450 பவுண்டு சால்மன் சாப்பிட்டார், இப்போது 5 பவுண்டுக்கும் குறைவு. சர்க்கரை நோய் நாட்டின் சராசரியைப் போல் பல மடங்கு. அணை மீனை மட்டும் கொல்லவில்லை என்பதை எண்ணாக்கி, ஆணையத்தின் பதிவேட்டில் ஏற்றினார்கள். வேலை தெரிந்த இயக்கம் இப்படித்தான் செய்யும். கண்ணீரைக் கோப்பில் ஏற்ற ஒரு வழி கண்டுபிடிக்கும்.

வெளியிலும் சும்மா இருக்கவில்லை. அப்போது பசிஃபிகார்ப்பின் உரிமையாளர் ஸ்காட்டிஷ்பவர் என்ற நிறுவனம். 2004-ல் பழங்குடிப் பிரதிநிதிகளும் மீனவர்களும் கடல் கடந்து எடின்பரோவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கே போய்விட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சால்மன் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிறகு நிறுவனம் வாரன் பஃபெட்டின் குழுமத்துக்குக் கைமாறியது. போராட்டமும் ஒமாஹா நகருக்கு மாறியது. உலகின் பெரும் பணக்காரர் ஆண்டுக்கூட்டம் நடத்தும் அரங்கத்தின் வாசலில் யூரோக், காருக் குடும்பங்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். உள்ளேயும் போய் மைக் பிடித்துக் கேட்டார்கள்.

முடிவில் கணக்குத்தான் பேசியது. புதிய உரிமம் வேண்டுமானால் மீன் ஏற வழி கட்ட வேண்டும் என்று ஒன்றிய மீன்வள அமைப்புகள் நிபந்தனை போட்டன. நிறுவனம் எதிர்த்தது, 2006-ல் நிர்வாக நீதிபதியிடம் தோற்றது. வழி கட்டினால் அணைகள் நட்டத்தில் ஓடும், இடிப்பது மலிவு என்று ஆனது. நிறுவனம் மனம் மாறியதாக நாம் நம்ப வேண்டியதில்லை.

இதே ஆண்டுகளில் விவசாயிகளும் பழங்குடிகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். யூரோக் தரப்பில் டிராய் ஃபிளெட்சர், கிளாமத் பழங்குடிகள் தரப்பில் ஜெஃப் மிட்செல், காருக் தரப்பில் லீஃப் ஹில்மன் போன்றவர்கள். பத்திரிகையில் ஒருவரையொருவர் திட்டுவதை முதலில் நிறுத்தினார்கள். அடுத்தவனுக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டார்கள். விவசாயிக்குத் தேவை அதிக நீர் அல்ல, விதைக்கும் முன் இவ்வளவு வரும் என்ற உறுதி. மீனுக்குத் தேவை ஆண்டு முழுதும் வெள்ளம் அல்ல, குறிப்பிட்ட மாதங்களில் குளிர்ந்த ஓட்டம். 2010 பிப்ரவரியில் ஒரிகன் தலைநகர் சேலத்தில் இரண்டு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒன்று அணைகளை அகற்ற, மற்றொன்று நீரைப் பங்கிட. 40-க்கும் மேற்பட்ட தரப்புகள். பத்தாண்டுக்கு முன் மதகை உடைத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

ஹூப்பா மக்கள் கையெழுத்திடவில்லை. நீர்ப் பங்கீட்டு உடன்படிக்கையில் பழங்குடிகள் தங்கள் முதலுரிமையைச் சில இடங்களில் பயன்படுத்தாமல் விட ஒப்புக்கொண்டிருந்தார்கள். மீனுக்கான உரிமையைப் பேரம் பேச முடியாது என்றது ஹூப்பா. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். ஆனால் அவர்கள் பயந்தது நடந்தது. உடன்படிக்கைக்குத் தேவையான சட்டத்தையும் பணத்தையும் நாடாளுமன்றம் ஐந்து ஆண்டுகளாகத் தரவில்லை. 2015 முடிவில் நீர் உடன்படிக்கை காலாவதியானது. யூரோக் அதற்குச் சில மாதங்கள் முன்பே வெளியேறியிருந்தது. அந்த நவம்பரில் டிராய் ஃபிளெட்சர் இறந்துபோனார். கூட்டணிக்குள் கருத்து வேறுபட்டு வெளியே நிற்பவர் துரோகி அல்ல என்பதை நம் அமைப்புகளும் யோசிக்கலாம்.

அணை உடன்படிக்கையை மட்டும் தனியே பிரித்து உயிரோடு வைத்தார்கள். 2016 ஏப்ரலில், முகத்துவாரத்தில் உள்ள ரெக்வாவில் திருத்திய உடன்படிக்கை கையெழுத்தானது. நாடாளுமன்றம் வேண்டாம், ஆணையத்திடம் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு இடிப்போம் என்பது புதிய வழி. 45 கோடி டாலர் செலவு. 20 கோடி மின் வாடிக்கையாளர்களிடமிருந்து, 25 கோடி கலிபோர்னியாவின் கடன் பத்திரத்திலிருந்து. 2020-ல் ஆணையம், நிறுவனமும் பொறுப்பில் தொடர வேண்டும் என்றதும் நிறுவனம் தயங்கியது. யூரோக் தலைவர்கள் நிறுவனத்தின் உயர்மட்டத்தினரைப் படகில் ஏற்றி புளூ கிரீக் ஓடைக்கு அழைத்துப்போய், அங்கே வைத்துப் பேசினார்கள். அந்த நவம்பரில் இரு மாநிலங்களும் பொறுப்பை ஏற்க, முட்டுக்கட்டை நீங்கியது. 2022 நவம்பர் 17-ல் ஆணையம் இறுதி அனுமதி தந்தது.

எதிர்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். அணைகள் இருந்த சிஸ்கியூ மாவட்டத்தில் 2010-ல் நடந்த கருத்து வாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பேர் அகற்றக் கூடாது என்றார்கள். நீர்த்தேக்கக் கரையில் வீடு வாங்கியவர்களுக்கு ஏரி போய்விட்டது, அது உண்மையான இழப்பு. அந்த ஏரியில் கோடைதோறும் நச்சுப் பாசி படர்ந்து, தண்ணீரில் இறங்காதே என்று பலகை வைக்கவேண்டிய நிலை இருந்ததும் உண்மை.

2023-ல் சிறிய அணை போனது. 2024 ஜனவரியில் மற்ற மூன்றின் நீரையும் வடித்தார்கள். நூறாண்டு வண்டல் சாக்லேட் நிறத்தில் கடலை நோக்கி ஓடியது. பிப்ரவரி இறுதியில் பொரிப்பகத்திலிருந்து விட்ட 8,30,000 சால்மன் குஞ்சுகள், அயர்ன் கேட் அணையின் சுரங்க வழியாகப் போகும்போது அழுத்த மாற்றத்தால் செத்தன. எதிர்த்தவர்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். வண்டல் கொல்லவில்லை, அணையின் மிச்சம்தான் கொன்றது. ஆனாலும் அணைக்கு மேலே அந்தக் குஞ்சுகளை விட்டது மீன்வளத் துறையின் முடிவு, அதை மறைக்க வேண்டியதில்லை. வெளியே தெரிந்த சேற்று நிலம் சுமார் 2,200 ஏக்கர். யூரோக் தொழிலாளர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்த மண்ணின் செடிகளிலிருந்து விதை சேகரித்துப் பெருக்கி வைத்திருந்தார்கள். பல நூறு கோடி விதைகள், பெரும்பகுதி கையால் தூவியது. அணைகள் இருந்த பகுதியில் 2,800 ஏக்கரைச் சாஸ்தா மக்களுக்குத் திருப்பித் தருவதாக 2024 ஜூனில் ஆளுநர் அறிவித்தார். யூரோக் தலைவர்கள் நிறுவனத்தினரை அழைத்துப்போன அதே புளூ கிரீக் சார்ந்த 47,000 ஏக்கர் காடு, மர நிறுவனத்திடமிருந்து வாங்கப்பட்டு, 2025-ல் முழுமையாக யூரோக் மக்களிடம் வந்து சேர்ந்தது. சூடான ஆற்றில் மேலேறி வரும் சால்மன் இளைப்பாறும் குளிர்நீர் ஓடை அது.

இடிப்பு வேலை 2024 அக்டோபர் தொடக்கத்தில் முடிந்தது. அந்த மாதம் 16-ஆம் தேதி, ஜே.சி. பாய்ல் அணை இருந்த இடத்துக்கு மேலே ஒரு துணையோடையில் சினூக் சால்மனை ஒரிகன் மீன்வளத் துறையினர் கண்டார்கள். ஒரிகன் பகுதி கிளாமத்தில் 1912-க்குப் பிறகு அதுவே முதல் முறை. இவ்வளவு சீக்கிரம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

2025 கோடையில் அந்த ஆற்றின் பழங்குடிப் பிள்ளைகள், பலர் பதினான்கு பதினைந்து வயதுக்காரர்கள், கயாக் படகில் ஊற்றிலிருந்து கடல் வரை ஒரு மாதம் துடுப்புப் போட்டு வந்தார்கள். 310 மைல். அதற்காகச் சில ஆண்டுகள் பயிற்சி எடுத்திருந்தார்கள். அணைகள் நின்ற இடத்து வெள்ளச்சுழிகளை நூறு ஆண்டுகளில் முதலில் கடந்தவர்களில் அவர்களும் உண்டு. ஜூலை 11-ல் முகத்துவாரத்தில் குடும்பங்கள் காத்திருந்தன.

மேலே கீனோ, லிங்க் ரிவர் என்று இரண்டு அணைகள் இன்னும் இருக்கின்றன. இவை பாசனத்தோடு சேர்ந்தவை, மீன் ஏறும் வழி உண்டு, ஆனால் சால்மனை மனதில் வைத்துக் கட்டியவை அல்ல. நீர்ப் பங்கீடும் முடிவாகவில்லை. 2021 வறட்சியில் விவசாயிகளுக்கு நீர் இல்லை, ஆற்றில் குஞ்சுகள் நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கலிபோர்னியாவின் கடல் மீனவர்களுக்கு 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் வணிகச் சால்மன் பிடிப்பு மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் கிளாமத், யூரோக், காருக் மக்களும் பாசன விவசாயிகள் சங்கமும் நிலச் சீரமைப்பு வேலைகளைச் சேர்ந்து செய்வதாக மறுபடியும் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். 2025 இலையுதிர் காலத்தில் சினூக் சால்மன் அந்த இரண்டு அணைகளையும் ஏறிக் கடந்து, மேல் கிளாமத் ஏரியையும் தாண்டி, சிலோக்வின் ஊர் வரை போய்ச் சேர்ந்தது.